ஆறு எம்.ஓ.யூ. இருக்கிறது, ஆராய்ச்சிக்குப் போக வழி இல்லை

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முனைவர் பட்டம் 2016-ல் வாங்கினேன். போன ஜூனில் எங்கள் முதல்வர் என்னைப் பன்னாட்டு உறவு ஒருங்கிணைப்பாளராகப் போட்டார். கோப்பைத் திறந்து பார்த்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட ஆறு எம்.ஓ.யூ. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) இருக்கின்றன. ஆறு இடத்துக்கும் மெயில் அனுப்பினேன், ஒருவரும் பதில் எழுதவில்லை. அடுத்த ஆண்டு கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிறது, அதனால் "இன்னும் நாலு எம்.ஓ.யூ. பிடியுங்கள்" என்கிறார் முதல்வர். என் ஆசை வேறு. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் ஏழில், மாணவிகளோடு மாதாமாதம் பாசிக் கணக்கு எடுத்து வருகிறேன், ஒன்பது வருடமாக. பாசி நச்சை அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் மூன்று மாதம் வேலை செய்ய வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? வீட்டில் எட்டாவது படிக்கிற பையன், உடம்பு முடியாத மாமியார். இதெல்லாம் நடக்கிற காரியமா?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, மேலூர் வட்டம்

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம்.

நடக்கிற காரியம்தான். அந்தக் கோப்பை மூடி வைத்துவிட்டு உங்கள் பாசி நோட்டைக் கையில் எடுங்கள். கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பணத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஏழு கண்மாய், ஒன்பது வருடம், மாதம் ஒரு முறை. வற்றிக் கிடக்கும் மாதங்களைக் கழித்தாலும் நானூறு, ஐநூறு தடவை தண்ணீர் மொண்டு எண்ணியிருக்கிறீர்கள். நீலப்பச்சைப் பாசி பெருகுவதும் அது நச்சு விடுவதும் இன்று உலகம் முழுக்க ஏரி ஆராய்ச்சி செய்கிறவர்களின் கவலை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அவர்கள் பார்க்கிற ஏரிகள் பெரும்பாலும் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறவை. உங்கள் கண்மாய் ஐப்பசியில் நிரம்பி, கலுங்கு பாய்ந்து, பங்குனியில் சேறாகி, சித்திரையில் ஆடு மேய்கிற தரையாகிவிடும். அந்தக் காய்ந்த வண்டலுக்குள் பாசி எப்படி உயிரை வைத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது, எந்தக் கண்மாயில் எது முதலில் எழும்புகிறது என்ற கேள்விகளுக்கு ஒன்பது வருடப் பதிவு கையில் இருக்கும் ஆள் எளிதில் கிடைக்க மாட்டார். கருவி அவர்களிடம் இருக்கிறது, கண்மாய் உங்களிடம் இருக்கிறது. இந்த நிலையில் நீங்கள் உதவி கேட்டுப் போகிறவர் ஆக மாட்டீர்கள். மெயில் எழுதும்போது இது மனதில் இருக்க வேண்டும்.

சரி, அந்த ஆறு எம்.ஓ.யூ.வுக்கு வருவோம். பல்கலைக்கழகம் ஒன்றின் பன்னாட்டுத் தொடர்பு அலுவலகத்தைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். வெளிநாட்டுக் குழு வருவார்கள். சந்தனமாலை, பொன்னாடை, கையெழுத்து, குழுப் படம், மறுநாள் நாளிதழில் செய்தி. ஒருமுறை அப்படிக் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தை மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் துணைவேந்தர்களின் பெயர்கள் இருந்தன. எந்தத் துறை, எந்த ஆசிரியர், என்ன வேலை, யார் செலவு என்று ஒரு சொல் இல்லை. இரண்டு துணைவேந்தர்களும் பதவிக்காலம் முடிந்து போனதும் அந்தத் தாளைக் கேட்பார் இல்லை. அந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் அதை நம்பி இரண்டு இளம் ஆசிரியர்கள் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்கள்.

ஆள் தெரியாமல் போட்ட ஒப்பந்தம் அப்படித்தான் முடியும். இரண்டு பேர் ஒரே கேள்விக்காகச் சேர்ந்து ஒரு வருடம் வேலை செய்த பிறகு, அந்த வேலைக்கு ஒரு பாதுகாப்பாகப் போடுவதுதான் எம்.ஓ.யூ. கல்யாணம் பேசி முடிக்காமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி நம் கல்லூரிகள் தலைகீழாகச் செய்கின்றன.

இது சரியாக நடப்பதைப் பார்க்க மதுரையை விட்டுப் போக வேண்டாம். அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியோடு ஷான்சி அமைப்பு வழியாக இருக்கும் உறவு பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. அங்கே படித்து முடித்த இளைஞர்கள் இங்கே வந்து வளாகத்திலேயே தங்கி, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, தமிழ் கற்றுக்கொண்டு போவார்கள். ஆள் வருவதும் தங்குவதும் நிற்காததால்தான் அந்த உறவு நிற்கிறது.

அதைவிட உங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அரவிந்த் கண் மருத்துவமனை. வயலில் வேலை செய்யும்போது நெல் தாளோ இலையோ கண்ணில் பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்து பார்வை போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. இதற்கு நேட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து நல்லதா, வொரிகோனசோல் என்ற புதியது நல்லதா என்று அரவிந்தும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் உள்ள பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் சோதித்தன. பணம் அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனத்தினுடையது. 2013-ல் முடிவு வந்தது: பழைய மருந்தே மேல். இத்தனை நோயாளிகளை அமெரிக்காவில் வைத்துச் சேர்க்க எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். நோயும் நோயாளியும் பார்க்கத் தெரிந்த மருத்துவரும் இங்கே இருந்ததால் அவர்கள் இங்கே வந்தார்கள். 2025-ல் கீழடியை அடுத்த கொந்தகையில் அகழ்ந்தெடுத்த மண்டையோடுகளிலிருந்து பழங்கால மனிதர்களின் முகத்தை லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மீட்டெடுத்தது நம் காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை. அதிலும் கணக்கு இதுதான்.

இப்போது மெயில். ஆறு இடத்துக்கும் நீங்கள் யாருக்கு எழுதினீர்கள்? பன்னாட்டு அலுவலகத்துக்கு என்றுதான் நினைக்கிறேன். அங்கே ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ வரும். ஆய்வாளருக்கு நேராக எழுதுங்கள். வற்றி நிரம்பும் நீர்நிலைகளைப் பற்றியோ பாசி நச்சைப் பற்றியோ கடந்த மூன்று வருடத்தில் கட்டுரை எழுதியவர்களில் எட்டுப் பத்துப் பேரைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொருவரின் கட்டுரையையும் முழுசாகப் படியுங்கள். பிறகு ஒருவருக்கு ஒரு மெயில், பதினைந்து வரிக்கு மேல் போகக் கூடாது. முதல் வரியில் அவர் கட்டுரையில் உங்களை நிறுத்திய இடம். அடுத்து உங்கள் ஏழு கண்மாய், ஒன்பது வருடம், ஒரே ஒரு வரைபடம். அதற்கடுத்து உங்களால் பதில் காண முடியாத ஒரு கேள்வி. கடைசியில் அரை மணி நேரம் காணொளியில் பேச முடியுமா என்ற வேண்டுகோள், அவ்வளவுதான். எம்.ஓ.யூ., அழைப்புக் கடிதம், நிதி என்ற சொற்கள் முதல் மெயிலில் வரக் கூடாது. பயோடேட்டாவை இணைக்காதீர்கள், கேட்டால் கொடுக்கலாம். நம் பழக்கத்தில் மரியாதைக்காக முதல் பத்தி முழுக்க வணக்கமும் புகழ்ச்சியுமாக எழுதுவோம். அங்கே அதைப் பலருக்கும் மொத்தமாக அனுப்பிய மெயில் என்று எண்ணி மூடிவிடுவார்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். பத்தில் இரண்டு பேர் பதில் எழுதினால் நல்ல அறுவடை.

அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேராவது இலங்கையில் இருக்கட்டும். வெளிநாடு என்றதும் ஜெர்மனியும் அமெரிக்காவும் மட்டும் நம் கண்ணில் படுவது எனக்கு வருத்தம். இலங்கையின் வறண்ட பகுதியிலும் வடகிழக்குப் பருவமழைதான் குளத்தை நிரப்புகிறது. ஒரு குளம் நிரம்பி அடுத்ததற்குப் பாய்கிற அவர்களின் குளத் தொடரை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே பேசி வேலையைத் தொடங்கிவிடலாம். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் இருக்கிறது. இங்கே ஏழு, அங்கே ஐந்து என்று ஒரே முறையில் எண்ணத் தொடங்கினால், இரண்டு நாட்டுப் பதிவோடு மூன்றாவதாக ஓர் ஐரோப்பிய ஆய்வகத்திடம் போகிறீர்கள். அப்போது பேச்சின் கனமே வேறு.

பணம். முதலில் உங்களுக்குப் பொருந்தாதவற்றைத் தள்ளிவிடுகிறேன். இந்தியாவும் அமெரிக்காவும் 1950-ல் ஒப்பந்தம் போட்டுத் தொடங்கி, 2008 முதல் இரண்டு அரசுகளும் சேர்ந்து செலவு செய்யும் ஃபுல்பிரைட்–நேரு திட்டத்தில் ஆசிரியர்களுக்கான ஆய்வு நல்கை (ஃபெலோஷிப்) பொதுவாக நான்கு முதல் ஒன்பது மாதம் வரை. உங்கள் வீட்டு நிலைமைக்கு இப்போது வேண்டாம், பையன் பள்ளி முடித்த பிறகு நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் நல்கையும் ஆறு மாதத்துக்குக் குறையாது. ஆனால் அதற்கு முனைவர் பட்டம் வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு 2028 வரைதான் கதவு திறந்திருக்கும். நாட்குறிப்பில் எழுதி வையுங்கள்.

உங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருப்பது ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குத் தரும் ஆய்வுத் தங்கல் நல்கை. ஒன்று முதல் மூன்று மாதம். வீட்டை விட்டு ஒரே மூச்சில் மூன்று மாதம் முடியாதென்றால் ஆறு வாரத்துக்குக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆய்வுத் திட்டம், வேலை நாள்காட்டி, அங்குள்ள பேராசிரியரின் சம்மதக் கடிதம் ஆகியவைதான் உயிர். சம்மதக் கடிதம் "வரவேற்கிறோம்" என்று இரண்டு வரியில் இருந்தால் பயனில்லை. எந்தக் கருவியில் எத்தனை மாதிரி, எந்த வாரம் என்ன வேலை என்று அவரே எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தருகிறவர் உங்களைத் தெரிந்தவராகத்தான் இருப்பார். மெயிலைப் பற்றி இவ்வளவு சொன்னதன் காரணம் அதுதான்.

அடுத்து, நீங்கள் விண்ணப்பிக்கவே தேவையில்லாத பணம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஐந்து நாள் முதல் இரண்டு மாதம் வரை ஆசிரியர்கள் அங்கே போகவும் அவர்கள் இங்கே வரவும் வழி உண்டு. விண்ணப்பம் போடுவது ஐரோப்பியப் பல்கலைக்கழகம். உங்கள் கூட்டாளியிடம், அடுத்த ஆண்டு உங்கள் விண்ணப்பத்தில் எங்கள் கல்லூரியையும் சேர்ப்பீர்களா என்று கேட்டாலே போதும். நம் கல்லூரிகளில் பலருக்கு இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது.

நம் அரசுத் திட்டங்களில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு ஆய்வுக்காக 2018-ல் தொடங்கிய ஸ்பார்க் திட்டம் இரண்டு பக்கப் பயணத்துக்கும் பணம் தருவது, ஆனால் நாக் மதிப்பெண், தரவரிசை என்று தகுதி வரம்பு உண்டு. அறிவிப்பு வரும்போது காமராசர் பல்கலைக்கழகத் துறை ஒன்றோடு சேர்ந்து நுழைய முடியுமா என்று பாருங்கள். அறிவியல் தொழில்நுட்பத் துறையும் டாட் அமைப்பும் சேர்ந்து நடத்தும் இரண்டு வருடப் பரிமாற்றத் திட்டம் இரண்டாம் கட்டத்துக்கு நல்லது. ஒரு கட்டுரை சேர்ந்து வெளியிட்ட பிறகு போட்டால் எடுபடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், உங்கள் செயலரிடம் போய் வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை கேளுங்கள். கொழும்புக்கு இரண்டு பேர் போய்வர, வருகிறவரைக் கல்லூரி விருந்தினர் விடுதியில் பத்து நாள் வைத்துக்கொள்ள, ஒரு காரை ஏழு கண்மாய்க்கும் ஓட்ட. அவ்வளவு போதும். கல்லூரி தன் கையிலிருந்து கொஞ்சமாவது போட்டிருக்கிறது என்று விண்ணப்பத்தில் எழுத முடிவது பெரிய பலம்.

இரண்டு இடத்தில் கால் வைக்கும்போது கீழே பார்க்க வேண்டும்.

ஒன்று, வெளிநாட்டுப் பணம் கல்லூரிக் கணக்குக்கு வருவது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஓர் ஆசிரியைக்கு ஐரோப்பாவிலிருந்து நாலாயிரம் யூரோ உதவி கிடைத்தது. பணம் நேராகக் கல்லூரியின் சாதாரணக் கணக்கில் வந்து விழுந்தது. நிர்வாக அறக்கட்டளைக்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இல்லை. கடைசியில் பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள், ஆராய்ச்சி அதோடு நின்றது. அந்த அம்மா அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2020 திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய பணம் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் தனிக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும், இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. உங்கள் அறக்கட்டளைக்குப் பதிவு இருக்கிறதா, அதன் ஐந்து வருடக் காலம் எப்போது முடிகிறது என்று கணக்கு அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால், பணம் கூட்டாளியிடமே இருந்து அவரே பயணச்சீட்டும் தங்குமிடமும் ஏற்பாடு செய்கிற வழியைத் தேர்ந்தெடுத்து, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, கண்மாய்த் தண்ணீரையும் வண்டலையும் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது. செய்யவே செய்யாதீர்கள். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி பாசியும் உயிரியல் வளம்தான். ஆய்வுக்காக வெளிநாட்டுக்குக் கொண்டு போகவும், வெளிநாட்டவர் இங்கே வந்து எடுக்கவும் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. ஆகிற காலத்தைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே எழுதுங்கள். உங்கள் ஏழு கண்மாய்களில் ஏதாவது அரிட்டாபட்டிப் பக்கம் இருந்தால் இன்னும் கவனம்: 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. இந்தச் சட்டம் உங்களைத் தடுக்க வந்தது என்று நினைக்காதீர்கள். நம் மண்ணிலிருந்து அள்ளிக்கொண்டு போய், நம் பெயர் இல்லாமல் கட்டுரை எழுதியவர்கள் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பதிவு யாருடையது, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, உங்கள் மாணவிகளின் பெயர் எந்தக் கட்டுரையில் வரும். நல்ல கூட்டாளி இதைக் கேட்டு மகிழ்வார். முகம் சுளிக்கிறவரை அப்போதே விட்டுவிடுங்கள்.

அப்புறம், கூட்டாளி இங்கே வரும்போது சுற்றுலா விசாவில் வந்து கண்மாயில் இறங்கக் கூடாது, ஆய்வுக்கு உரிய விசா வேண்டும். விடுதியில் தங்க வைத்தால் வெளிநாட்டவர் வந்திருக்கும் விவரத்தை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். விடுதிப் பொறுப்பாளருக்கு இது தெரியுமா என்று கேட்டு வையுங்கள்.

முதல்வரிடம் என்ன சொல்வது? நாக் கணக்கில் எடுப்பது செயல்பாட்டில் உள்ள ஒப்பந்தங்களைத்தான் என்று அவருக்கு நினைவூட்டுங்கள். பத்து வெற்றுத் தாளைவிட, இரண்டு வருகை, ஒரு கூட்டுக் கட்டுரை, ஐந்து மாணவிகள் சேர்ந்து செய்த ஒரு பயிற்சி என்று காட்டக்கூடிய ஒன்றே பேசும். பழைய ஆறில் யாராவது ஓர் ஆசிரியர் பெயர் இருந்தால் அவருக்கு மட்டும் ஒருமுறை எழுதிப் பாருங்கள், மற்றவை காலாவதியாகட்டும். கூட்டுப் பட்டம் என்று அவர் ஆசைப்பட்டால், 2022 பல்கலைக்கழக மானியக் குழு விதிகளில் நாக் மதிப்பெண் 3.01 அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறு என்ற வரம்பு இருப்பதை எடுத்துக் காட்டி அந்தப் பேச்சைத் தள்ளி வையுங்கள்.

விடுப்பு விஷயத்தில், ஏழு வருடப் பணிக்குப் பிறகான ஓய்வாய்வு விடுப்பு (சபாட்டிகல்) இணைப் பேராசிரியர், பேராசிரியர்களுக்கு. உங்களுக்குப் படிப்பு விடுப்பும் பணி விடுப்பும்தான். நிர்வாகக் குழுத் தீர்மானம், இணை இயக்குநர் அலுவலகம், சென்னை இயக்ககம் என்று தடையில்லாச் சான்று நகர்கிற வழியை நீங்கள் அறிவீர்கள். நல்கை முடிவு வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பம் போட்ட அன்றே ஒரு நகலோடு கோப்பை நகர்த்துங்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கண்மாய்களே இதற்கு நாள் குறித்துத் தருகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை அவை வறண்டு கிடக்கும், மாதாந்தரக் கணக்கு எதுவும் விட்டுப்போகாது. உங்கள் மே விடுமுறை அதற்குள் வருவதால் எடுக்க வேண்டிய விடுப்பும் குறையும். பையனுக்கும் அப்போதுதான் விடுமுறை. ஜெர்மனியில் கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை வரை நடக்கும், ஆட்கள் ஆய்வகத்தில் இருப்பார்கள். மாமியாருக்கு அந்த ஆறு, எட்டு வாரம் யார் துணை என்பதைக் கணவரோடும் நாத்தனார் யாராவது இருந்தால் அவரோடும் இப்போதே பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் சண்டையாகும், ஒரு வருடம் முன்னால் சொன்னால் ஏற்பாடாகும். நான் அனுப்பி வைத்த பெண் ஆசிரியர்களில் போக முடியாமல் நின்றவர்கள் பெரும்பாலும் பணத்தால் நிற்கவில்லை, வீட்டில் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டதால் நின்றார்கள்.

ஒன்பது வருட எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் ஏற்றும் வேலையை மூத்த மாணவிகள் இரண்டு பேரோடு இந்த மாதமே தொடங்குங்கள், நோட்டு நோட்டாக இருந்தால் யாருக்கும் காட்ட முடியாது. அது முடிந்ததும் முதல் மெயிலை எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் போடுங்கள். இரண்டு நாளில் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.